பித்தளைத் திருகாணி

அம்மா அணுகுண்டுக்குச் சணல் சுற்றியவள். திருத்தங்கலுக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆலை. மருந்து அடைத்த சின்ன அட்டைப் பெட்டியின் மேல், பசை தடவிய சணலை இடைவெளி விடாமல் இழுத்துச் சுற்றுவது அவள் வேலை. எண்ணிக்கைக்குக் கூலி. சாயங்காலம் ஆலை வண்டியிலிருந்து இறங்கி வரும்போது வலது கை ஆள்காட்டி விரலில் சணல் ஓடிய தடம் பள்ளமாகக் கிடக்கும். நான் அதை விரலால் தடவிப் பார்ப்பேன். பத்து வருஷம் கழித்து என் இடது கை விரல் நுனிகளில் கிட்டார் கம்பி அதே மாதிரிப் பள்ளம் போட்டபோது, அம்மா ஒன்றும் சொல்லாமல் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள்.

"சத்தம் மருந்துல மட்டும் இல்லடா, கட்டுல இருக்கு" என்பாள். சணல் ஒரு சுற்றுத் தளர்ந்தால் போதும், வெடி புஸ்ஸென்று போய்விடும். மருந்து திறந்த வெளியில் எரிந்தால் சீறும், அவ்வளவுதான். இறுக்கி அடைத்த கூட்டுக்குள் எரிந்தால் வாயு போக வழியில்லாமல் நெருக்கி, கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அந்தக் கிழிசல்தான் நம் காதுக்கு வெடிச்சத்தம். குருவி வெடிக்குத் தாள் உருட்டுகிறவர்களுக்கும் இது தெரியும். எத்தனை சுற்றுத் தாள், என்ன தாள், பசை காய்ந்ததா என்பதெல்லாம் சத்தத்தில் வந்து நிற்கும். 1999-இல் நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அரசு வரம்பு கட்டியபோது அம்மாவுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. சணலை எவ்வளவு சுற்றினால் எவ்வளவு சத்தம் என்று அவள் கை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தது.

ஆகவே சின்னச் சின்னப் பொருளெல்லாம் சத்தத்தை மாற்றும் என்ற நம்பிக்கை எனக்குப் படித்து வந்ததில்லை. வீட்டில் வளர்ந்து வந்தது. கிட்டாரிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே சரி, எங்கே தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

கிட்டார் கல்கத்தாவில் செய்தது. மதுரையில் பழைய விலைக்கு வாங்கினேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கல்கத்தாவோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துதான் சிவகாசி இன்றைய சிவகாசி ஆயிற்று. தீக்குச்சியும் கல்கத்தா வழி, என் கிட்டாரும் கல்கத்தா வழி என்று அப்போது பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். சிவப்பு நிறம், கனமான பலகை, இரண்டு பிக்கப். பின்பக்கப் பிக்கப்தான் எனக்கு உயிர். பாட்டுக்கு நடுவில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் அதைத் தட்டிவிட்டால் கூட்டத்தின் கடைசி வரிசை வரை போய்க் குத்தும்.

1993 பங்குனி. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கள் மெல்லிசைக் குழுவைப் பேசியிருந்தார்கள். விருதுநகர்க்காரர்களுக்குத் தீபாவளியை விடப் பெரிய திருவிழா அது. வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் ஊர் திரும்பி நிற்பார்கள். கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பின்பக்கப் பிக்கப் செத்துப் போயிற்று. ரேடியோ ரிப்பேர் நண்பன் மீட்டர் வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. "காயில் ஓப்பன்" என்றான். புதிது வாங்கச் சென்னைக்குப் போக வேண்டும். போனாலும் கிடைக்குமா தெரியாது. கிடைத்தாலும் என் கையில் பணம் இல்லை.

பஜாரைத் தாண்டி ஒரு வைண்டிங் கடை. கிணற்று மோட்டார், கிரைண்டர், மிக்ஸி, சீலிங் ஃபேன் எல்லாம் கட்டுவார்கள். கடை அண்ணாச்சிக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். வாசலில் வார்னிஷ் வாடை, உள்ளே எரிந்த காயில்களின் செம்புக் குவியல், சுவரில் கேஜ் வாரியாகத் தொங்கும் ஒயர் கட்டைகள். பிக்கப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, மோட்டாரா?"

"இல்ல அண்ணாச்சி. கம்பி அதுர்றத கரண்டா மாத்துறது."

"அப்ப ஜெனரேட்டர்னு சொல்லு."

அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. காந்தத்துக்கு மேலே இரும்புக் கம்பி ஆடுகிறது. ஆட்டத்துக்குத் தக்கபடி காந்தப் புலம் கூடிக் குறைகிறது. பக்கத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டது இதைத்தான். சரியாக நூறு வருஷம் கழித்து, 1931-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற கிட்டார்க்காரர் வாணலி போன்ற ஒரு கிட்டாரில் குதிரை லாடக் காந்தமும் காயிலும் வைத்து மின்சாரக் கிட்டாருக்குப் பிள்ளையார் சுழி போட்டார். அண்ணாச்சிக்கு ஃபாரடேயும் தெரியாது, போஷாம்பும் தெரியாது. ஆனால் நாள் முழுக்க அவர் கையில் இருந்தது அந்தச் சங்கதிதான்.

சிக்கல் கம்பியின் கனத்தில் வந்தது. ஃபேன் காயிலுக்கு 36 கேஜ் சுற்றுவார்கள். அதுவே எனக்கு நூல் மாதிரித் தெரியும். பிக்கப்பில் இருந்தது 46 கேஜ், ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. தலைமுடியை விட மெல்லியது. விரலில் பிடித்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. மதுரையில் ரேடியோ சாமான் கடையில் ஐம்பது கிராம் வாங்கி வந்தேன். எட்டாயிரம் சுற்றுக்கு முப்பது கிராம்கூட வராது, ஆனால் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும்.

பழைய காயிலைப் பிரிக்கும்போது, கம்பி சுற்றியிருந்த பிளாஸ்டிக் பாபினின் ஒரு காது உடைந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அண்ணாச்சி பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு லெதராய்டு தாளை உருவினார். மோட்டார் ஸ்லாட்டுக்குள் காயில் உரசாமல் இருக்க மடித்துச் செருகும் சாம்பல் நிறக் கெட்டித் தாள். கத்தரியால் பாபின் அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, ஆறு ஓட்டை போட்டு, இரும்புத் திருகாணிகளைச் செருகிப் புது பாபினே செய்துவிட்டார்.

"அண்ணாச்சி, பேப்பர்ல செஞ்சா சவுண்டு மாறிராதா?"

"ஏன் மாறுது? கரண்டு பேப்பர்லயா ஓடுது?"

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. தாள் உருட்டினாலே சத்தம் மாறும் ஊரில் பிறந்தவன் நான். பிளாஸ்டிக் போய்த் தாள் வந்தால் மாறாமல் எப்படி இருக்கும் என்று இரவெல்லாம் புரண்டேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, உலகமே கும்பிடும் பழைய ஃபெண்டர் கிட்டார் பிக்கப்புகளின் மேல்பலகையும் கீழ்ப்பலகையும் தாள்தான் என்று. பருத்திக் கூழில் செய்த தாளை ஜிங்க் குளோரைடில் ஊறவைத்து அடுக்கி இறுக்கினால் வரும் வல்கனைஸ்டு ஃபைபர் அது. லெதராய்டுக்கு நெருங்கிய சொந்தம்.

கை மெஷினில் அண்ணாச்சி சுற்ற ஆரம்பித்தார். முதல் தடவை இருநூறில் அறுந்தது. இரண்டாம் தடவை ஆயிரத்து நூறில். மோட்டார் கம்பியை இழுத்துப் பழகிய கைக்கு இது இழுக்கவே கூடாத கம்பி. மூன்றாம் தடவை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துவைத்த காடாத் துணியை மடித்து வைத்து, அதற்குள் கம்பியை ஓடவிட்டார். மூச்சைக்கூட எண்ணி விட்டார். நான் எண்ணிக்கை முள்ளைப் பார்த்து ஆயிரம் ஆனதும் சுவரில் கரிக்கோடு போட்டேன். ஏழாவது கோட்டுக்கு மேல் இருட்டிவிட்டது. "மிச்சத்த நான் பாத்துக்கிறேன், காலைல வந்து வாங்கிக்கோ" என்றார். எண்ணெய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

காலையில் பிக்கப் தயார். காயிலைச் சுற்றி வெள்ளைக் காட்டன் டேப், மோட்டாருக்குக் கட்டுவது போலவே பின்னல் பின்னலாக. கிட்டாரில் மாட்டி ஆம்ப்பைத் திறந்தேன். பேசியது. பழையதை விடக் கொஞ்சம் பலமாகவே பேசியது. ஆனால் இரண்டு குறை. ஒன்று, மூன்றாம் கம்பி மட்டும் தூரத்தில் நின்று பேசுவது போல் இருந்தது. இரண்டாவது, சவுண்டைக் கூட்டினால் பிக்கப் வீலென்று கத்தியது. கம்பியைத் தொட வேண்டாம். பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டினால் ஸ்பீக்கரில் டொக் டொக் என்று கேட்டது.

மூன்றாம் கம்பியின் ரகசியம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆறு இரும்புத் திருகாணியில் ஒன்று மரை தேய்ந்து போனதால், அண்ணாச்சி அதற்குப் பதிலாக மோட்டார் டெர்மினலில் போடும் பித்தளைத் திருகாணி ஒன்றை முடுக்கியிருந்தார். பார்க்க எந்த வித்தியாசமும் இல்லை, பளபளப்பு மட்டும் கூட. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தபோது அம்மாவின் ஆலை ஞாபகம் வந்தது. அங்கே மருந்து கிடக்கும் இடத்தில் இரும்பு உள்ளே வரக்கூடாது. இரும்பு உரசினால் பொறி வரும். மரம், செம்பு, பித்தளைக் கருவிகள்தான். அம்மாவுக்குப் பித்தளை உயிர் காக்கும் உலோகம். என் பிக்கப்பில் பித்தளை ஒரு கம்பியை ஊமையாக்கியது. காந்தத்தின் இழுப்பைக் கம்பிவரை எடுத்துப்போக இரும்பால்தான் முடியும், பித்தளை காந்தத்துக்கு வெறும் காற்று. திருகாணியை மாற்றினேன். மூன்றாம் கம்பி மற்ற ஐந்தோடு வந்து வரிசையில் நின்றது.

கால் அங்குல உலோகத் துண்டு, அரை ரூபாய்கூடப் பெறாது. சின்னப் பொருள் சத்தத்தை மாற்றுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது அந்தத் திருகாணியைத்தான்.

கத்தலுக்கு மருந்து மெழுகு. காயிலின் சுற்றுகள் தளர்வாக இருந்தால் ஸ்பீக்கர் அதிர்வில் செம்புக் கம்பிகளே ஆடுகின்றன, ஆடினால் அவையும் மின்சாரம் பிறப்பிக்கின்றன, அது திரும்பவும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சுழன்று வளர்கிறது. மெழுகில் முக்கி இடைவெளிகளை நிரப்பிவிட்டால் ஆடாது. அண்ணாச்சி வார்னிஷில் முக்கலாம் என்றார். பிறகு பிரிக்க முடியாதே என்று நான் பயந்தேன். எங்கள் பக்கம் மெழுகுக்கு என்ன பஞ்சம்? தீக்குச்சியின் நுனி மருந்திலிருந்து கட்டைக்குத் தீ இறங்க வேண்டும் என்பதற்காகக் குச்சியைப் பாரஃபின் மெழுகில் நனைப்பார்கள். சாத்தூரில் தீப்பெட்டி வேலை செய்யும் மாமா ஒரு கட்டி கொண்டு வந்தார். அதை அடுப்பில் வைக்க அம்மா விடவில்லை. பட்டாசு ஆலையில் வேலை செய்தவளுக்கு நெருப்பு விளையாட்டுச் சாமான் இல்லை. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அடுப்பை முழுதாக அணைத்த பிறகு, அதற்குள் மெழுகுச் சட்டியை வைக்கச் சொன்னாள். அறியாமலே சரியான வழி. மெழுகு அறுபது அறுபத்தைந்து டிகிரியில் இளகி நின்றால் போதும், அதற்கு மேல் போனால் காயிலுக்குக் கேடு. பிக்கப்பைச் சட்டிக்குள் இறக்கியதும் சுற்றுகளுக்கு நடுவில் இருந்த காற்று சின்னச் சின்னக் குமிழாக மேலே வந்தது. குமிழ் நிற்கும்வரை நானும் அம்மாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு குமிழும் ஒரு கத்தல் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலன்று அது கத்தவில்லை. ஆனால் உறுமியது. மேடையைச் சுற்றி சீரியல் செட், ட்யூப் லைட் சோக், பக்கத்திலேயே ஒயர் ஓட்டம். ஒற்றைக் காயில் பிக்கப் கம்பியின் அதிர்வை மட்டும் பிடிப்பதில்லை, சுற்றுவட்டார மின்சாரத்தின் 50 சைக்கிள் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955-இல் இதற்குத்தான் வழி கண்டார். இரண்டு காயிலை எதிரெதிர் திசையில் சேர்த்து, ஒன்றின் காந்த முனையையும் திருப்பி வைத்தார். உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும்.

அந்த விவரம் எனக்கு அப்போது தெரியாது. உறுமலை அடக்க ஒரு மூடி போடலாம் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். பாத்திரக் கடையில் பித்தளைத் தகடு வாங்கி, பெட்டி போல வளைத்து, எர்த் ஒயர் பற்றவைத்துப் பிக்கப்பின் மேல் கவிழ்த்தேன். உறுமலில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கிட்டாரின் உயிரே போயிற்று. கடைசி வரிசை வரை குத்திய சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மழுங்கியது. மூடியை எடுத்தால் திரும்பி வந்தது. வைத்தால் போயிற்று. கம்பி மாறவில்லை, காந்தம் மாறவில்லை, ஒரு சுற்றுக்கூட மாறவில்லை. ஒரு தகடு மட்டும்.

அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் ஒரு எரிந்த மோட்டாரின் கோரைத் தூக்கி மேஜையில் வைத்தார்.

"இது ஒரே கட்டி இரும்பா, தகடு தகடா?"

"தகடு."

"ஏன்? ஒரே கட்டியா வச்சா என்னாகும்?"

"தெரியல அண்ணாச்சி."

"சும்மா நின்னே சூடாகும். கரண்டு உள்ளுக்குள்ளயே வட்டம் அடிக்கும். அதான் தகடா வெட்டி, நடுவுல வார்னிஷ் பூசி அடுக்கிருக்கு. உன் பித்தளைலயும் அதான் நடக்குது."

இதை விடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மாறும் காந்தப் புலம் எந்த உலோகத்தின் ஊடே போனாலும் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அதிர்வெண் கூடக் கூடச் சுழலும் கூடும். அதனால் தகடு தின்பது மேல்ஸ்தாயி ஓசையைத்தான். பித்தளை நன்றாக மின்சாரம் கடத்தும், ஆகவே நன்றாகத் தின்னும். கிப்சன்காரர்கள் மூடிக்குத் தேர்ந்தெடுத்தது ஜெர்மன் சில்வர். பெயரில் மட்டும்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்தக் குங்குமச் சிமிழ் உலோகம். மின்னோட்டத்துக்கு அது பித்தளையை விட நாலைந்து மடங்கு தடை போடும். சுழல் குறையும், ஓசை தப்பும். அம்மாவின் பீரோவிலிருந்து ஒரு ஜெர்மன் சில்வர் தட்டைக் கேட்டு வாங்கி மூடி செய்து மாட்டினேன். திறந்த பிக்கப்புக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் தேடிக் கேட்க வேண்டியிருந்தது.

இந்த வெற்றிகள் என்னைக் கெடுத்தன என்றுதான் சொல்ல வேண்டும். திருகாணி மாற்றினால் கேட்கிறது, தகடு மாற்றினால் கேட்கிறது, அப்படியானால் எல்லாமே கேட்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். துணி சுற்றிய ஒயருக்கு இனிமை கூட, பிளாஸ்டிக் ஒயருக்கு வறட்டுத்தனம் என்றார்கள், மாற்றினேன். கறுப்பு டேப்பா வெள்ளை டேப்பா என்றார்கள், மாற்றினேன். டோன் கன்ட்ரோலில் இருக்கும் கண்டென்சர் எண்ணெய்த் தாளில் செய்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து, உடைத்துப் போட்ட பழைய வால்வு ரேடியோவிலிருந்து அதைக் கழற்றி வந்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு வித்தியாசம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கண்ணைத் திறந்துவிட்டவர் ஒரு மிருதங்க வித்வான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வந்தவர். மாலையில் எங்கள் மெல்லிசை, காலையில் அவர்கள் கச்சேரி. இரவு மண்டபத்திலேயே படுத்திருந்தோம். அவர் வலந்தலைத் தோல்களுக்கு நடுவில் எதையோ செருகிக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தேன். விளக்குமாற்றுக் குச்சியின் சின்னச் சின்னச் சிம்புகள். குச்சி மிருதங்கம் என்றார். குச்சிக்குப் பதில் சின்னக் கல் துணுக்கு வைத்தால் அது கப்பி, நாதம் வேறு மாதிரி, கணீரென்று. மணல் அளவு பொருள், ஆனால் கேட்கிறவன் எவனும் தப்பாமல் சொல்லிவிடுவான் என்றார். தம்புராவில் குதிரையின் மேல் கம்பிக்கு அடியில் ஒரு பருத்தி நூல் இழையை வைக்கிறார்களே, அதை நகத்தால் ஒரு நெல் அளவு நகர்த்தினால் செத்த கம்பி ரீங்கரிக்கும், ஜீவா என்று அதற்குப் பெயர் வைத்தவன் தெரிந்துதான் வைத்தான் என்றார். சி.வி. ராமன் 1920-களின் தொடக்கத்தில் தம்புரா வீணைக் குதிரைகளையும், மிருதங்கத்தின் கரணையையும் ஆராய்ந்து எழுதியிருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். தோலின் நடுவில் அப்பிய அந்தக் கறுப்பு வட்டத்தின் கனம்தான் முரட்டுத் தோலைச் சுருதிக்குள் கொண்டுவருகிறது.

நான் உற்சாகமாக என் துணி ஒயர்க் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குச்சி தோலுக்குள்ள இருக்கு. நூலு கம்பிக்கு அடியில இருக்கு. கரணை தோல் மேலயே இருக்கு. நாதம் போற வழியில இருக்கு எல்லாம். உங்க ஒயர் மேல சுத்துன துணி எந்த வழியில இருக்கு?" என்று கேட்டார். பிறகு, "கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

கேட்டதில்லை. அதுவரை ஒரு தடவைகூட, எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்ததும் ரேடியோ நண்பனை உட்கார வைத்தேன். ஒரு சின்னச் சுவிட்ச் வைத்துத் துணி ஒயர் வழியாகவும் பிளாஸ்டிக் ஒயர் வழியாகவும் மாறி மாறிப் போகச் செய்தான். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன். சுவிட்ச் அவன் கையில். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல, அவன் தாளில் குறித்தான். முடிவில் தாளைக் காட்டினான். பூவா தலையா போட்டது போல் இருந்தது என் பதில். ஒரே மதிப்புள்ள இரண்டு கண்டென்சர், ஒன்று எண்ணெய்த் தாள், ஒன்று பத்துப் பைசா செராமிக். அதுவும் அப்படியே. ரிச்சி தெருவில் நான் அலைந்த வெயில் அத்தனையும் முகத்தில் திரும்ப அடித்தது. பிறகு பித்தளை மூடியை எடுத்தான். வைத்தான், எடுத்தான், வைத்தது போல் பாவனை செய்தான். ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னேன்.

பாபின் விஷயம் மட்டும் இந்தச் சோதனைக்குப் பிடி கொடுக்கவில்லை. லெதராய்டில் ஒன்றும் பிளாஸ்டிக்கில் ஒன்றுமாக அண்ணாச்சி எனக்குச் சுற்றிக் கொடுத்தார். வித்தியாசம் கேட்டது. மீட்டரில் வைத்தால் ஒன்றில் முந்நூறு ஓம் கூட. அண்ணாச்சி ஒன்றில் நிதானமாகவும் மற்றதில் அவசரத்தோடும் சுற்றியிருந்தார். சுற்று எண்ணிக்கை, இழுப்பு, கம்பி ஒன்றன்மேல் ஒன்று படிந்த விதம் எல்லாம் மாறிவிட்ட பிறகு நான் கேட்டது பாபினை அல்ல, அண்ணாச்சியின் அன்றைய மனநிலையைத்தான். பாபின் பொருளைப் பற்றி அடித்துப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இரண்டு காயிலை ஒன்று போலச் சுற்றிவிட்டுப் பேசுகிறார்கள்? தாளும் பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்துவதில்லை, காந்தத்தை இழுப்பதுமில்லை. மெழுகில் ஊறி இறுகிவிட்டால் ஆடுவதுமில்லை. அண்ணாச்சி முதல் நாளே சொன்ன பதில்தான் சரி என்று இன்று நினைக்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. நான் நூல் பிடித்து ஆராய்ந்த அந்த வருஷங்களில், என் சத்தத்தை எல்லாவற்றையும் விட அதிகமாகக் கெடுத்தது நான் யோசித்தே பார்க்காத ஒன்று. மேடையில் நடந்து வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் மூன்று மீட்டர் ஒயரை எறிந்துவிட்டுப் பத்து மீட்டர் ஒயர் வாங்கியிருந்தேன். கிட்டார் ஒயர் என்பது நீளமான கண்டென்சர். மீட்டருக்கு நூறு பிகோஃபாரட் என்று வையுங்கள். 2.4 ஹென்றி தூண்டம் உள்ள சாதாரண ஒற்றைக் காயில் பிக்கப், மூன்று மீட்டர் ஒயரில் 5,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மின்னும். பத்து மீட்டரில் அந்த மினுமினுப்பு 3,000-க்கு இறங்கிவிடும். அது சின்ன மாற்றமே இல்லை, ஆள் மாறாட்டம். பிக்கப்புக்குள் இருக்கும் டேப்பின் நிறத்தைப் பற்றி இரவு இரண்டு மணிவரை விவாதித்துவிட்டு, காலில் சுற்றிக் கிடந்த ஒயரை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அம்மா 2011-இல் வேலையை விட்டாள். விரல் பள்ளம் தூர்ந்துவிட்டது, ஆனால் தொட்டால் அந்த இடம் இன்னும் வழவழப்பு.

2019-இல் அந்தப் பிக்கப் மறுபடி செத்தது. இருபத்தாறு வருஷம் வாசித்திருக்கிறது. விருதுநகர்க் கடையில் இப்போது அண்ணாச்சியின் மகன். அண்ணாச்சி உள்ளே நாற்காலியில், சர்க்கரை நோய் கண்ணைப் பாதித்துவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார். "ஜெனரேட்டர் தம்பியா?" என்றார்.

"வெளி முனைதான் விட்டிருக்கும், பிரிச்சுப் பாருடா" என்று மகனிடம் சொன்னார். மகன் காட்டன் டேப்பின் பின்னலை மெதுவாக அறுத்தான். டேப்புக்கு அடியில் காயிலைச் சுற்றி ஒரு தாள் ஒட்டியிருந்தது. மெழுகில் ஊறிக் கண்ணாடி போல ஆகியிருந்தது. மகன் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் உரித்தான். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பட்டாசு லேபிள். சிவகாசி அச்சகத்தில் நிறம் சரிபார்க்க முதலில் ஓட்டிக் கழித்த தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று படம் விழுந்திருந்தது. ஒரு குழந்தையின் முகம், அதன் மேல் பாதி ராக்கெட், தலைகீழாகச் சில எழுத்துகள்.

"காட்டன் டேப் கம்பிய அறுத்துறக் கூடாதுன்னு நடுவுல ஒரு பேப்பர் வச்சேன்" என்றார் அண்ணாச்சி. "கடையில சாமான் மடிக்க வச்சிருந்த பேப்பர். சொன்னா நீ சவுண்டு மாறிரும்னு அழுவ."

மகன் முனையை ஈயம் வைத்துப் பற்றவைத்தான். மீட்டர் 6.4 கிலோ ஓம் காட்டியது. லேபிளைத் தூக்கிப் போடப் போனவனிடம் கை நீட்டி வாங்கினேன். அந்த மெழுகு இன்னும் இளகவில்லை. பழைய மடிப்பு இருந்த இடத்திலேயே வைத்து, காயிலைச் சுற்றி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் டேப் கட்ட ஆரம்பித்தான்.